படிக்காமல் "ஆம்" சொல்லலாமா?

வாசகர் கேள்வி, 11 ஆகஸ்ட் 2025, இரவு 9.15

இன்றைக்கு மக்களவையில் புதிய வருமான வரி மசோதா விவாதமே இல்லாமல் சில நிமிடங்களில் நிறைவேறிவிட்டது. 536 பிரிவுகள். கை தூக்கியவர்கள் படித்திருப்பார்களா? என் கேள்வி அதைவிடப் பெரியது. அவர்கள் படிக்கத்தான் வேண்டுமா? அதிகாரிகள் எழுதுகிறார்கள், கட்சி முடிவு செய்கிறது, உறுப்பினர் ஆம் என்கிறார். இதில் ஒருவர் படிப்பதால் என்ன மாறிவிடும்? வேலூர் பக்கம் ஊராட்சியில், நகராட்சியில் இருப்பவர்கள் யாராவது சொல்லுங்கள்.

12 ஆகஸ்ட், காலை 6.40

படிக்கத்தான் வேண்டும் அண்ணா. அறுநூறு பக்கச் சட்டத்தை ஒருத்தரும் படிக்காமல் ஆம் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

நான் குடியாத்தம் பக்கம் ஒரு ஊராட்சியில் வார்டு உறுப்பினர். 2021 அக்டோபரில் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் உட்பட ஒன்பது மாவட்டங்களுக்கு ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்ததே, அதில் ஜெயித்தேன். என் அப்பா முப்பது வருஷத்துக்கு மேல் பத்திர எழுத்தராக இருந்தவர். படிக்கத் தெரியாதவர்கள் வந்தால் பத்திரத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் சத்தமாகப் படித்துக் காட்டாமல் கைநாட்டு வாங்கமாட்டார். கூட்டம் நின்றாலும் சரி, மழை வந்தாலும் சரி. "படிக்கக் கேட்டு, சரியென ஒப்புக்கொண்டு" என்று ஒரு வரி எழுதுவார்கள். அந்த வரியை எழுதிவிட்டுப் படித்துக் காட்டாமல் விட்டால், தான் எழுதியது பொய்ப் பத்திரம் என்பார். இத்தனைக்கும் அது இரண்டு பேருக்கு நடுவில் ஐந்து சென்ட் நிலம். சட்டம் என்பது நாட்டில் எல்லாருக்கும் எழுதுகிற பத்திரம்.

12 ஆகஸ்ட், மதியம்

"நீங்கள் எல்லாவற்றையும் படித்துத்தான் கையெழுத்துப் போடுகிறீர்களா அக்கா" என்று மேல்பட்டித் தம்பி கேட்டிருக்கிறார். இல்லை தம்பி. ஒருமுறை படிக்காமல் போட்டேன். அதனால்தான் இவ்வளவு பேசுகிறேன்.

2022, நல்ல வெயில் காலம். பதினோரு மணிக்கு என்று சொன்ன மன்றக் கூட்டம் ஒன்றரை மணிக்குத்தான் தொடங்கியது. தீர்மானப் புத்தகம் கைமாறி என்னிடம் வந்தபோது எனக்கு முன்னால் இருந்தவர்கள் எல்லாரும் போட்டிருந்தார்கள். வீட்டில் மாமியாருக்கு மாத்திரை கொடுக்கிற நேரம் தாண்டிவிட்டது. நானும் போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டேன். இரண்டு வாரம் கழித்து போர் போடுகிற வண்டி ஊருக்குள் வந்தது. எங்கள் தெருப் பக்கம் திரும்பாமல் ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. அப்போது எங்கள் தெருவில் மூன்று நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர். பெண்கள் காலிக் குடத்தோடு என் வாசலுக்கு வந்துவிட்டார்கள். ஊராட்சி அலுவலகத்துக்குப் போய் நானும் கோபமாகத்தான் கேட்டேன், எப்படி மாற்றினீர்கள் என்று. புத்தகத்தை எடுத்துத் திருப்பி என் முன்னால் வைத்தார்கள். ஏழாவது தீர்மானம். மூன்றாவது வார்டுக்கு ஒதுக்கிய ஆழ்துளைக் கிணற்றை ஐந்தாவது வார்டுக்கு மாற்ற மன்றம் ஏகமனதாக அனுமதிக்கிறது. கீழே என் கையெழுத்து, தேதியோடு. மூன்றாவது வார்டு என் வார்டு.

அந்த "ஏகமனதாக" என்ற வார்த்தையைப் பார்த்த பிறகு என்னால் பேச முடியவில்லை. நான் எதிர்த்திருந்தாலும் கிணறு அந்தப் பக்கம் போயிருக்கலாம், பெரும்பான்மை அவர்களிடம்தான் இருந்தது. ஆனால் ஏகமனதாகப் போயிருக்காது, என் தெருப் பெண்களுக்குப் பதினைந்து நாள் முன்னாலேயே தெரிந்திருக்கும், அவர்களும் சும்மா இருந்திருக்கமாட்டார்கள். எங்களுக்குக் கிணறு வர அதற்கப்புறம் ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது.

அப்பாவிடம் சொன்னேன். திட்டவில்லை. "எழுதப் படிக்கத் தெரியாதவங்களுக்கு நான் படிச்சுக் காட்டினேன். தெரிஞ்ச உனக்கு யார் படிச்சுக் காட்டுவாங்க" என்று மட்டும் கேட்டார்.

13 ஆகஸ்ட், இரவு 10.30

திருத்தம். நேற்றுக் காலை "ஒருத்தரும் படிக்காமல்" என்று எழுதிவிட்டேன், அது தவறு. இந்த மசோதா பிப்ரவரி 13 அன்றே ஒருமுறை வந்தது, 622 பக்கம். 31 உறுப்பினர்கள் கொண்ட தேர்வுக் குழுவுக்குப் போனது. அவர்கள் மாதக்கணக்கில் உட்கார்ந்து படித்து, 285 பரிந்துரைகளோடு ஜூலை 21 அன்று அறிக்கை கொடுத்திருக்கிறார்கள். ஆகஸ்ட் 8 அன்று பழைய மசோதாவைத் திரும்பப் பெற்று, திருத்தங்களைச் சேர்த்துப் புதிதாக 11ஆம் தேதி கொண்டுவந்து, அன்றைக்கே மக்களவையில் நிறைவேற்றினார்கள். நேற்று மாநிலங்களவையிலும் முடிந்துவிட்டது.

அப்படியானால் 31 பேர் படித்தது மற்றவர்கள் படித்ததற்குச் சமமா? இன்று பூராவும் இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். பாதி சமம் என்றுதான் சொல்ல வருகிறது. அப்பா நிலத்தைத் தானே அளக்கமாட்டார், சர்வேயர் அளந்ததை நம்பித்தான் எழுதுவார். ஒவ்வொருத்தரும் எல்லாவற்றையும் அளக்க வேண்டும் என்றால் ஒரு பத்திரமும் பதிவாகாது. தேய்மானக் கழிவு பற்றிய பிரிவைத் தணிக்கையாளராக இருந்த ஒரு எம்.பி. படித்துச் சொன்னால் போதும், மற்றவர்கள் அதை நம்பலாம். ஆனால் வரைவை எல்லாரும் ஒப்புக்கொண்ட பிறகும், முத்திரைத்தாளில் எழுதி முடித்ததும் அப்பா மறுபடியும் ஒருமுறை படித்துக் காட்டுவார். வரைவுக்கும் தாளுக்கும் நடுவில்தான் எழுத்து மாறும் என்பார். 11ஆம் தேதி அவைக்கு வந்தது முத்திரைத்தாள். அதைப் படிக்க யாருக்கும் ஒரு நாள்கூடக் கிடைக்கவில்லை.

எனக்குப் பெரிய கவலை இன்னொன்று. மசோதாக்களைப் பிரித்துப் பார்க்கிற துறைவாரி நிலைக்குழுக்கள் நாடாளுமன்றத்தில் 1993இல் வந்தன. 15ஆவது மக்களவையில் (2009-14) சுமார் 71 சதவீத மசோதாக்கள் குழுக்களுக்குப் போயின. 17ஆவதில் (2019-24) அது 16 சதவீதம் அளவுக்குக் குறைந்துவிட்டது. நமக்காகப் படிக்கிறவர்கள் இருக்கிறார்கள் என்று நம்பித்தானே நாம் விடுகிறோம்? அந்த நம்பிக்கையில் பெரும்பகுதி மசோதாக்கள் யாரும் உட்கார்ந்து பிரித்துப் பார்க்காமலே போகின்றன.

14 ஆகஸ்ட், காலை

"படித்தாலும் புரியாது அக்கா, சட்ட மொழி" என்று ஒருவர். பாதி உண்மை. திருத்த மசோதாவைத் தனியாகக் கையில் எடுத்தால் யாருக்கும் புரியாது. இன்ன பிரிவில் இன்ன சொற்களுக்குப் பதிலாக இன்ன சொற்களைச் சேர்க்க, அவ்வளவுதான் இருக்கும். பிழைத்திருத்தல் பத்திரம் மாதிரி. தாய்ப்பத்திரத்தைப் பக்கத்தில் விரித்து வைக்காவிட்டால் திருத்தல் பத்திரத்தில் என்ன நடக்கிறது என்று தெரியாது.

எங்கள் பக்கத்துக்குப் புரிகிற உதாரணம் ஒன்று சொல்கிறேன். 2023 ஏப்ரல் 21 அன்று நம் சட்டமன்றத்தில் தொழிற்சாலைகள் திருத்த சட்டமுன்வடிவு குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. புதிதாக 65ஏ என்று ஒரு பிரிவு. 51, 52, 54, 55, 56, 59 ஆகிய பிரிவுகளிலிருந்து எந்தத் தொழிற்சாலைக்கும் அரசு விலக்கு அளிக்கலாம். இதைப் படித்தால் எண்கள்தான் தெரியும். 1948ஆம் வருஷத்துத் தொழிற்சாலைகள் சட்டத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 51 என்றால் வாரத்துக்கு 48 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. 52 வார விடுமுறை. 54 ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரம். 55 நடுவில் ஓய்வு. 56 வேலை நாளின் மொத்த நீளம். 59 கூடுதல் நேரத்துக்கு இரட்டைச் சம்பளம். ஒரு ஷூ கம்பெனித் தொழிலாளியின் நாள் முழுவதும் அந்த ஆறு எண்களுக்குள் இருக்கிறது.

என் நாத்தனார் ஆம்பூரில் ஷூவின் மேல்பாகம், அப்பர், தைக்கிற வேலைக்குப் போகிறாள். காலை ஆறேகாலுக்கு கம்பெனி வண்டி வரும், இரவு ஏழு மணிக்குத் திரும்புவாள். இந்தத் திருத்தத்தால் ஒரு நாள் வேலை பன்னிரண்டு மணி நேரம் ஆகலாம் என்று செய்தியில் கேட்டதும் அன்று வண்டியில் ஒருத்தரும் பேசவில்லையாம். அவளை ஒரு மணி நேரம் கூப்பிட்டு இந்த ஆறு எண்களையும் படித்துக் காட்டியிருந்தால், எந்த எண் எங்கே வலிக்கும் என்று அவளே சொல்லியிருப்பாள். அவைக்குள் இருந்தவர்கள் யாருக்கும் இது தோன்றவில்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

15 ஆகஸ்ட், இரவு

இன்று கிராம சபை. நேற்றே செயலரிடம் கேட்டிருந்தேன், எல்லாத் தீர்மானத்தையும் முழுசாகப் படித்துவிட்டு அப்புறம் கையெழுத்து வாங்குங்கள் என்று. மறுக்காமல் படித்தார்.

நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். நாற்பது நிமிஷம் கூடுதலாக ஆனது. பள்ளிக்கூட மைதானத்தில் புங்கமர நிழல் நகர நகர நாற்காலியும் நகர்ந்தது. வந்தவர்களில் பாதிப்பேர் எழுந்து போய்விட்டார்கள், நூறு நாள் வேலை அட்டை விஷயத்துக்காக வந்தவர்கள் அது முடிந்ததும் போய்விட்டார்கள். நாளை எல்லாரும் என்னைத்தான் குறை சொல்வார்கள், பரவாயில்லை. ஆனால் நாலாவது தீர்மானத்தைப் படிக்கும்போது செயலரே நடுவில் நிறுத்திவிட்டார். போன வருஷத்துத் தெருவிளக்குச் செலவுத் தொகையை அப்படியே எழுதியிருக்கிறார். யாரும் சுட்டிக்காட்டவில்லை, அவருக்கே வாய்விட்டுப் படித்தபோதுதான் கண்ணில் பட்டது. அங்கேயே அடித்து, திருத்தி, சுருக்கொப்பம் போட்டார்.

மசோதாவை மூன்று முறை "வாசிப்பு" என்று சொல்வதே இதனால்தானாம். அச்சடித்த பிரதி கையில் கிடைக்காத காலத்தில் இங்கிலாந்துப் பாராளுமன்றத்தில் எழுத்தர் எழுந்து மசோதாவைச் சத்தமாகப் படிப்பார், உறுப்பினர்கள் கேட்பார்கள். இன்று பேர் மட்டும் இருக்கிறது.

16 ஆகஸ்ட், மாலை

வாணியம்பாடி வக்கீல் அண்ணன் என்னை இரண்டு இடத்தில் பிடித்திருக்கிறார். இரண்டிலும் அவர் சொல்வது சரி.

ஒன்று, பன்னிரண்டு மணி நேர விஷயத்தில் அவைக்குள் யாருக்கும் தோன்றவில்லை என்று எழுதிவிட்டேன். அது அநியாயம். ஆளுங்கட்சியின் கூட்டணியில் இருந்தவர்களே எழுந்து எதிர்த்தார்கள், வெளிநடப்புச் செய்தார்கள். மூன்று நாளில், ஏப்ரல் 24 அன்று, அது நிறுத்திவைக்கப்பட்டது. மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார். படித்துவிட்டு வந்தவர்கள் சத்தம் போட்டதால்தான் அது வெளியே தெரிந்தது, தொழிற்சங்கங்கள் எழுந்தன. ஆக, என் உதாரணம் நான் நினைத்ததற்கு நேர் எதிராக இருக்கிறது, எனக்கு அது சந்தோஷம்தான். ஆனால் அந்த ஏப்ரல் 21 அன்றே சிறப்புத் திட்டங்களுக்கான நில ஒருங்கிணைப்புச் சட்டமுன்வடிவு விவாதமில்லாமல் போய்விட்டது. விவசாயிகளுக்கு அது பிறகுதான் தெரிந்தது.

இரண்டு, கொறடா. 1985இல் 52ஆவது திருத்தத்தின் மூலம் பத்தாவது அட்டவணை வந்தது. கட்சிக் கொறடாவின் உத்தரவை மீறி வாக்களித்தால், கட்சி பதினைந்து நாளுக்குள் மன்னிக்காவிட்டால், பதவியே போகலாம். "அப்புறம் எதற்குப் படிப்பான்" என்கிறார் அண்ணன். 1990இலேயே தினேஷ் கோஸ்வாமி குழு, நம்பிக்கை வாக்கெடுப்பு, நம்பிக்கையில்லாத் தீர்மானம் போன்றவற்றுக்கு மட்டும் இந்தத் தண்டனையை வைத்துக்கொள்ளலாம் என்று பரிந்துரைத்ததாம். முப்பத்தைந்து வருஷம் ஆகிறது. செய்திருக்க வேண்டும் என்றுதான் நினைக்கிறேன்.

ஆனாலும் அண்ணா, ஊராட்சி வார்டு உறுப்பினர் தேர்தலில் கட்சிச் சின்னம் கிடையாது. எனக்குக் கொறடா இல்லை. அப்படியிருந்தும் படிக்காமல் போட்டேன். அதனால் எல்லாப் பழியையும் கொறடா மேல் போட என் மனசு ஒப்பவில்லை. கொறடா வாக்கைத்தான் கட்டிப்போடுகிறார். கட்சிக் கூட்டத்தில் முன்னாலேயே கேட்கலாம், அவையில் பேசலாம், தொகுதிக்கு வந்து "இதில் இப்படி ஒன்று இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லலாம். இதற்கெல்லாம் தடை ஏதும் இல்லை.

18 ஆகஸ்ட், இரவு 11

ராணிப்பேட்டையிலிருந்து பெங்களூருக்குத் தோல் லோடு ஓட்டுகிற என் மாமாவிடம் இதைப் பேசினேன். அவர் உடனே 106(2) என்றார், எண்ணோடு. அவருக்கு வேறு எந்தப் பிரிவும் தெரியாது.

பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் கவனக்குறைவால் மரணம் என்றால் 304ஏ, அதிகபட்சம் இரண்டு வருஷம். புதிய பாரதிய நியாய சன்ஹிதாவில் 106(2): அஜாக்கிரதையாக ஓட்டி ஆளைக் கொன்றுவிட்டு, போலீசுக்கோ மாஜிஸ்திரேட்டுக்கோ சொல்லாமல் ஓடினால் பத்து வருஷம் வரை. இதுவும் சேர்த்து ஒன்றாக வந்த மூன்று குற்றவியல் மசோதாக்களும் நிலைக்குழுவுக்குப் போய்வந்தவைதான், அதைச் சொல்லிவிட வேண்டும். ஆனால் திருத்திய வடிவம் 2023 டிசம்பர் 12 அன்று வந்து, 20, 21 தேதிகளில் இரண்டு அவையிலும் முடிந்துவிட்டது. அந்தக் கூட்டத்தொடரில் 146 எதிர்க்கட்சி எம்.பி.க்கள் இடைநீக்கம். புத்தாண்டு பிறந்ததும் வடக்கே லாரிகள் நின்றன, பெட்ரோல் பங்குகளில் வரிசை. ஜனவரி 2 அன்று, சரக்குப் போக்குவரத்துச் சங்கத்தோடு கலந்து பேசிய பிறகே இதை அமலாக்குவோம் என்று அரசு சொன்னது. 2024 ஜூலை 1 அன்று மற்றதெல்லாம் அமலுக்கு வந்தபோது இந்த உட்பிரிவை மட்டும் விட்டுவிட்டார்கள்.

மாமா சொன்னது இது. "அடிச்சுட்டு ஓடறவன் தப்பு செய்யறவன்தான். ஆனா ஜனங்க கட்டையோட வரும்போது நின்னா நான் செத்தேன். ஓடிப்போய் அடுத்த ஸ்டேஷன்ல நிக்கறதும் ஓட்டம்தானா? அதை எழுதினவரு என்கிட்ட ஒருமுறை கேட்டிருக்கலாம்." சட்டத்தில் போலீசுக்குச் சொல்லாமல் போனால் என்றுதான் இருக்கிறது மாமா, அடுத்த ஸ்டேஷனில் போய்ச் சொல்கிறவருக்கு அது பொருந்தாது என்று விளக்கினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இதை அப்பவே யாராவது சொன்னாங்களா" என்று கேட்டார்.

இதைக் கேட்டதும் அப்பாவின் பழைய கதை ஒன்று ஞாபகம் வந்தது. அணைக்கட்டுப் பக்கத்திலிருந்து ஒரு பாட்டி, மகனுக்கு நிலம் எழுதிக்கொடுக்க வந்திருந்தார். செக்குபந்தியை, அதாவது நிலத்தின் நான்கு பக்க எல்லைகளை, படித்துக்கொண்டே வந்தார் அப்பா. கிழக்கே பெரிய கிணறு என்றதும் பாட்டி கையைத் தட்டினாராம். கிணறு பங்காளியுடையது, தன் எல்லை அதற்கு இந்தப் பக்கம் புளியமரத்தோடு முடிகிறது என்று. பழைய பத்திரத்திலேயே தப்பாக இருந்திருக்கிறது. மகன் பட்டம் படித்தவர், வரைவை மூன்றுமுறை படித்தும் அவருக்குத் தெரியவில்லை, அவர் அந்த நிலத்தில் இறங்கி வேலை செய்ததே இல்லை.

உறுப்பினர் தான் மட்டும் படித்தால் போதாது என்று இப்போது நினைக்கிறேன். எல்லை தெரிந்தவர்களுக்குப் படித்துக் காட்டிவிட்டு வரவேண்டும். அதற்கு நாள் வேண்டும். அறிமுகத்துக்கு இரண்டு நாள் முன்பே நகல் தரவேண்டும் என்று மக்களவையில் விதிமுறை இருக்கிறது, சபாநாயகர் விலக்கும் தரலாம். இரண்டு நாளில் டெல்லியிலிருந்து பள்ளிகொண்டா சுங்கச்சாவடிக்கு வந்து லாரிக்காரர்களிடம் கேட்டுவிட்டுத் திரும்ப முடியுமா?

19 ஆகஸ்ட்

அமெரிக்காவில் இப்படி நடக்காது என்று எழுதியவருக்கு. அங்கே 2020 டிசம்பர் 21 அன்று 5,593 பக்கச் செலவு மசோதா வெளிவந்து, அன்றைக்கே இரண்டு அவையிலும் நிறைவேறியது. பிரதிநிதிகள் சபையில் 72 மணி நேரம் முன்பு தரவேண்டும் என்று விதி உண்டு, தேவைப்பட்டால் அந்த விதியையே ஒதுக்கிவைத்துவிடுகிறார்கள்.

நம்முடைய அரசியல் நிர்ணய சபையைப் பாருங்கள். வரைவுக்கு வந்த திருத்தங்கள் 7,635, அவற்றில் 2,473 அவையில் முன்மொழியப்பட்டன. ஒவ்வொரு பிரிவாக எடுத்து ஏறக்குறைய பதினொரு மாதம் பேசினார்கள். அவர்களுக்கும் அவசரம் இருந்தது, பிரிவினை நடந்து முடிந்த நாடு.

மொழி பற்றிக் கேட்ட ஆற்காட்டு அய்யாவுக்கு: அரசியலமைப்பின் 348ஆவது பிரிவின்படி ஒன்றியச் சட்டத்தின் அதிகாரபூர்வ உரை ஆங்கிலம். எங்கள் தெருவில் படித்துக் காட்ட நினைத்தாலும் முதலில் யாராவது தமிழாக்க வேண்டும். இதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன்.

21 ஆகஸ்ட், இரவு

இது எனக்குக் கஷ்டமான குறிப்பு. இணைய விளையாட்டு மசோதா நேற்று மக்களவையில் அறிமுகமாகி, நேற்றே நிறைவேறி, இன்று மாநிலங்களவையிலும் முடிந்துவிட்டது. பணம் வைத்து ஆடும் ஆட்டங்களுக்குத் தடை. எனக்கு இந்தத் தடை வேண்டும். ஆன்லைன் ரம்மியில் மாட்டிக்கொண்ட பையன் எங்கள் தெருவிலேயே இருக்கிறான், அவன் அம்மாவின் கம்மல் போனது எனக்குத் தெரியும். செய்தியைப் பார்த்ததும் அப்பாடா என்றுதான் இருந்தது. அப்புறம்தான், நான் பத்து நாளாக எழுதியதற்கு இது பொருந்தவில்லையே என்று உறைத்தது.

நமக்குப் பிடித்த சட்டம் என்றால் படிக்காமல் போனாலும் சரியா? இல்லை. தமிழ்நாட்டில் இதே விஷயத்துக்கு ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் குழு போட்டார்கள். 2022 அக்டோபரில் அவையில் நிறைவேற்றி, ஆளுநர் திருப்பி அனுப்ப, 2023 மார்ச்சில் மறுபடியும் நிறைவேற்றினார்கள். நாள் ஆனது, நடுவில் உயிர்களும் போயின, தாமதமே நல்லது என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் நல்ல சட்டத்தில் ஓட்டை இருந்தால் அந்தக் கம்பெனிகளின் வக்கீல்கள்தான் முதலில் கண்டுபிடிப்பார்கள். அவர்கள் ஒவ்வொரு வரியையும் படிப்பார்கள். நேற்றும் இன்றும் அவையில் ஒரே கூச்சல், பீகார் வாக்காளர் பட்டியல் விவகாரம். அது பெரிய விஷயம்தான். அதற்காகக் கையில் இருக்கிற மசோதாவைப் பேசாமல் விட்டதில் எதிர்க்கட்சிக்காரர்கள் மேலும் எனக்கு வருத்தம் உண்டு.

24 ஆகஸ்ட், ஞாயிறு

இங்கே எழுதியதை எல்லாம் செயலரும் படித்திருக்கிறார் போல. வெள்ளிக்கிழமை கூப்பிட்டு, அடுத்த மன்றக் கூட்டத்திலிருந்து தீர்மான வரைவை மூன்று நாள் முன்பே உறுப்பினர்கள் எல்லாருக்கும் வாட்ஸாப்பில் போடுகிறேன் அம்மா என்றார். நேற்று இரவே முதல் வரைவு வந்துவிட்டது, ஆறு தீர்மானம், கையால் எழுதிய இரண்டு பக்கத்தின் போட்டோ.

காலையில் அப்பாவுக்குக் கண்ணாடி மாட்டிவிட்டு நான் படித்தேன், அவர் கேட்டார். மூன்றாவது தீர்மானத்தில் வாய்க்கால் தூர்வாரும் இடத்துக்கு ஒரு புல எண் போட்டிருக்கிறது. "அது வாய்க்கால் இல்லையே, அதுக்கு மேலண்டை நிலம் ஆச்சே" என்கிறார் அப்பா. அவருக்கு எழுபத்தெட்டு வயசு, தப்பாகவும் இருக்கலாம். அடங்கல், அதாவது கிராம நிலக் கணக்கு, பார்க்க நாளைக் காலை பத்து மணிக்கு வி.ஏ.ஓ. அலுவலகம் போகிறேன், எதிர்வீட்டு அக்காவும் வருகிறார், வாய்க்கால் ஓரத்து நிலம் அவருடையது. பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன்.